நிவாரணச் சரக்கும் நம் ஊர்க் கடையும்



ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் டெல்டா வியாபாரிக்குக் கவலை இரண்டு என்பார்கள். மழையில் சரக்கு நனையக் கூடாது. வெளியே நிற்கும் கடன் மூழ்கக் கூடாது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை நாம் கூட்டங்களில் வாய்விட்டுப் பேசுவதில்லை. புயல் ஓய்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வெளியூரிலிருந்து நிவாரண லாரிகள் வரும். அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், பாய், போர்வை எல்லாம் இலவசமாக இறங்கும். வந்தவர்கள் புண்ணியவான்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதே தெருவில் கூரை பறந்த கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் மளிகைக்காரர் யாருக்கு விற்பார்? புயலுக்கு முன் கொடுத்த கடனை யாரிடம் கேட்பார்?

சென்ற மாதம் நம் கூட்டத்தில் ஓர் இளம் வியாபாரி எழுந்து, "நிவாரணத்துக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் பக்கத்திலிருக்கும் நம்மை விட்டுவிட்டுச் சென்னையிலும் சேலத்திலும் போய் ஏன் வாங்குகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாதித் தவறு அவர்களிடம், பாதி நம்மிடம். நம் பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

கப்பலில் வந்த கோதுமை

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1960களில் பள்ளிக்கூடத்தில் நமக்குப் போட்ட கோதுமை ரவை உப்புமாவும் கரைத்துக் கொடுத்த பால் பவுடரும் 'கேர்' அமைப்பின் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தவை. பி.எல். 480 என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த நாட்டில் மிஞ்சிய தானியம் கப்பல் கப்பலாக இங்கே வந்தது. பசித்த பிள்ளைகளுக்கு அது சோறு. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் உதவி என்றால் கொடுப்பவன் ஊரில் வாங்கிக் கப்பலேற்றி அனுப்புவதுதான் என்ற பழக்கம் பல ஆண்டுகள் நிலைத்துவிட்டது.

அதில் உள்ள நட்டம் என்ன என்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2009ல் கணக்குப் போட்டுச் சொன்னது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள 10 நாடுகளைப் பார்த்ததில், அமெரிக்காவிலிருந்து அனுப்பிய தானியம் போய்ச் சேரச் சராசரி 147 நாள். அந்தந்த நாட்டிலேயே வாங்கியது 35 நாளில் சேர்ந்தது. விலையும் அந்தப் பகுதியில் சுமார் 34 சதவீதம் குறைவு. மண்டி வைத்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பக்கத்து ஆலையில் எடுத்தால் லாரி வாடகை குறையும் என்பது நம் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். ஐரோப்பியக் கூட்டமைப்பு 1996லிருந்தே உள்ளூர்க் கொள்முதலின் பக்கம் திரும்பிவிட்டது. கனடா 2008ல் தன் உணவு உதவிக்குச் சொந்த நாட்டில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை முழுவதும் நீக்கியது. உலக உணவுத் திட்டம் அதே 2008ல், சிறு விவசாயிகளிடமே கொள்முதல் செய்யும் முயற்சியை 20 நாடுகளில் தொடங்கியது.

ஹைத்தி நாட்டில் 12.1.2010 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. உலகமே அரிசி அனுப்பியது. இரண்டு மாதம் கழித்து அந்நாட்டு அதிபர் ரெனே பிரெவால், இலவச உணவு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் உள்நாட்டு விளைச்சலும் வியாபாரமும் எழுந்திருக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். வீடிழந்த மக்களை வைத்துக்கொண்டு ஓர் அதிபர் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது என்றால் அந்த ஊர்க் கடைக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

சுனாமியில் கண்டது

நம் ஊருக்கு வருகிறேன். 26.12.2004, ஞாயிற்றுக்கிழமை. திருவாரூரில் அப்போதுதான் மண்டியில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து வந்த செய்தியை முதலில் யாரும் நம்பவில்லை. அன்று மாலையே கடற்கரை ஊர்ச் சில்லறைக் கடைகள், தப்பி வந்த ஜனங்களுக்குக் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தன. நோட்டில் எழுதவில்லை, எழுதினாலும் யார் பெயரில் எழுதுவது? என்னிடம் சரக்கெடுக்கும் ஒருவர் கடையில் மறுநாள் மதியத்துக்குள் அரிசி, ரொட்டி, மெழுகுவத்தி எதுவும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகுதான் லாரிகள் வந்தன. நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். உணவுச் சரக்கும் அப்படித்தான். புழுங்கல் அரிசி சாப்பிடுகிற ஜனங்களுக்குப் பச்சரிசியும் கோதுமை மாவும் வந்தன. அடுப்பே இல்லாதவருக்கு மாவை வைத்து என்ன செய்வது? சில மூட்டைகள் பாதி விலைக்குக் கைமாறி நம் பக்கத்துக் கடைகளுக்கே வந்து சேர்ந்தன. அதை வாங்கிய வியாபாரிகளும் நம்மில் உண்டு. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

முதல் நாள் கடையைக் காலி செய்து கொடுத்த அந்தச் சில்லறை வியாபாரிக்கு மூன்று மாதம் வியாபாரமே இல்லை. எனக்கு வர வேண்டிய பாக்கியை நான் கேட்கவில்லை. அவராலும் தர முடியவில்லை. சித்திரையில் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கடல் அவர் கடையைத் தொடவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நல்லதையும் எழுதுகிறேன். அப்போது நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்தின. எந்த ஊருக்கு என்ன போயிற்று, எது போகவில்லை என்ற விவரம் அங்கே கிடைத்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. வியாபாரிக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன். போய் நம்மிடம் இன்ன சரக்கு, இவ்வளவு, இன்ன விலைக்கு இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் போதும். ஒரு வாரம் கழித்துச் சேலத்திலிருந்து வந்து இறங்கிய அதே ரகப் புழுங்கல் அரிசி என் கிடங்கில் அடுக்கியிருந்தது.

கஜாவில் கிடைத்த ஆர்டர்

16.11.2018 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை, உப்பளம், படகு, வீடு என்று எதையும் விடவில்லை. இம்முறை நான் சும்மா இருக்கவில்லை. அறிமுகமான உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாம் நாளே விலைப்பட்டியல் அனுப்பினேன். 1,200 குடும்பங்களுக்கு ஆர்டர் வந்தது. குடும்பத்துக்கு அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு 1 கிலோ, புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 100 கிராம், சோப்பு 2. கூட்டிப் பார்த்தால் அரிசி 12 டன், 25 கிலோ சிப்பமாக 480. பருப்பு 50 கிலோ மூட்டையில் 24. எண்ணெய் 120 பெட்டி. புளி 300 கிலோ.

அதை என் கிடங்கிலேயே பொட்டலம் போட்டு லாரியில் ஏற்றியிருக்கலாம். செலவு குறைவு, வேலை சுலபம். அந்த நிறுவனத்தில் இருந்த ஓர் அம்மையார்தான், "அந்தந்த ஊர்க் கடைகள் மூலமாகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு ஒப்புக்கொண்டேன். பாதிக்கப்பட்ட ஊர்களில் 8 கடைகள், கடைக்கு 150 குடும்பம். சரக்கு மொத்தமாக அவர்கள் வாசலில் இறங்கும். எடை போட்டுப் பொட்டலம் கட்டிப் பட்டியல்படி கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேலை நிமித்தம் அந்த 8 கடைகளும் மறுபடி திறந்தன. வாங்க வந்தவர்கள் மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி என்று கைக்காசு கொடுத்தும் வாங்கினார்கள்.

தவறு செய்ததும் நான்தான். பருப்பு 24 மூட்டையில் 18 என் இருப்பு. குறைந்த 6 மூட்டையைத் தரகர் மூலம் அவசரமாக எடுத்தேன். மாதிரி நன்றாக இருந்தது. மூட்டைகளில் குத்தூசி போட்டுப் பார்க்கவில்லை. இருட்டிவிட்டது, லாரி நின்றுகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு வேதாரண்யம் பக்கத்துக் கடைக்கார அம்மா போன் செய்தார். இரண்டு மூட்டை பிரித்ததில் வண்டும் தூளுமாக இருக்கிறது என்றார். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் சொன்ன பதில், "புடைத்துச் சலித்துக் கட்டி விடம்மா, இனாமாக வாங்குகிறவர்கள்தானே."

அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, இதக் குடுத்த நிறுவனத்துக்காரங்க நாளன்னிக்குப் போயிடுவாங்க. நீங்க திருவாரூர்ல இருக்கீங்க. இந்தச் சனங்க நாளைக்கும் என் கடை வாசலுக்குத்தான் வருவாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

விடிவதற்குள் 6 மூட்டையையும் திருப்பி எடுத்து, அதிக விலைக்கு வேறு பருப்பு வாங்கி அனுப்பினேன். தரகர் பாதி நட்டத்தை ஏற்றுக்கொண்டார், மீதி எனது. நிறுவனத்துக்கும் நானே தெரிவித்துவிட்டேன். உள்ளூர்க் கடை மூலம் கொடுப்பதால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால், கூலியும் வாடகையும் கணக்குப் பார்த்துச் சொல்ல நான் முயல்வதில்லை. இந்தப் போன் விஷயத்தைத்தான் சொல்கிறேன்.

பில்லில் கவனிக்க வேண்டியது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள், பணம் போகிற இடம் இது. "நிவாரணப் பை 1,200, ஒன்று இத்தனை ரூபாய்" என்று ஒரே வரியில் பில் போடுவது சுலபமாகத் தோன்றும். ஜி.எஸ்.டி.யில் பல பொருளை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்குக் கொடுத்தால், அதில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த வரி மொத்தப் பைக்கும் வந்து விழும். 2018ல் சோப்புக்கு 18 சதவீதம். மார்க்கா இல்லாத அரிசிக்கும் பருப்புக்கும் வரியே இல்லை. இரண்டு சோப்பு சேர்த்ததற்காக 10 கிலோ அரிசிக்கும் 18 சதவீதம் கட்டுவதா? பொருள் வாரியாகத் தனித்தனி விலை, தனித்தனி வரி என்று பில் எழுத வேண்டும். எங்கள் ஆடிட்டர் சொல்லித்தான் நானும் தப்பினேன்.

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையில் முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வந்தது. (அதற்காக 26 கிலோ சிப்பம் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) ஆகவே மூட்டையாகக் கொடுக்கிறோமா, லேபிள் ஒட்டிய சிறு பொட்டலமாகவா என்பதை விலை சொல்வதற்கு முன்பே பேசி முடியுங்கள். விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன; 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு உட்படப் பல பொருளுக்கு வரி குறைந்தது. ஒவ்வொரு ஆர்டரின் போதும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ரொக்கம் வேண்டாம். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி குற்றம். அதே அளவு தொகை அபராதமாக வரும். நல்ல காரியத்துக்குத்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020ல் வந்த சட்டத் திருத்தம் தடுத்துவிட்டது. முன்பு பெரிய நிறுவனம் சிறிய உள்ளூர் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும், அவர்கள் நம்மிடம் வாங்குவார்கள். இப்போது அந்த வகைப் பணத்தில் பெரிய நிறுவனமே நேராக வாங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கொள்முதல் அதிகாரி சென்னையிலோ டெல்லியிலோ இருப்பார். அவருக்கு நம் முகம் தெரியாது, காகிதம்தான் தெரியும். ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு விவரம், பான் அட்டை நகல், அச்சடித்த விலைப்புள்ளி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தால் சென்னைக் கடைக்குப் போகும் ஆர்டரில் ஒரு பங்கு இங்கே நிற்கும். தொலைபேசியில் "வாங்க பேசிக்கலாம்" என்று சொல்வது அவர்களுக்கு ஆகாது.

மூன்று விலைப்புள்ளி

எந்த நிறுவனமும் மூன்று இடத்தில் விலை கேட்கும். நம்மவர்களில் சிலர் பக்கத்துக் கடைக்காரரின் லெட்டர்பேடை வாங்கித் தாங்களே கூடுதல் விலை எழுதி, மூன்றையும் ஒரே கையெழுத்தில் அனுப்புகிறார்கள். என்னிடமும் இரண்டு முறை கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இது நன்கொடைப் பணத்தில் செய்யும் திருட்டு, வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. வாங்க வரும் ஊழியர் கமிஷன் கேட்டாலும் அப்படியே. கொடுத்தால் அந்தக் கமிஷன் அரிசியின் தரத்தில்தான் குறையும்.

அதைவிடப் பெரிய பாவம், பலரும் யோசிக்காதது, விலையேற்றம். ஒரே வாரத்தில் நாலைந்து நிறுவனங்கள் ஒரே சந்தையில் பருப்பு வாங்கினால் விலை ஏறும். பட்டியலில் பெயர் இல்லாத கூலிக்காரர் அந்த ஏறிய விலையில்தான் வாங்க வேண்டும். உள்ளூர்க் கொள்முதல் என்பதற்காக இங்கே இருக்கிற இருப்பையே துடைத்து எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. துவரம் பருப்பு நமக்கு விருதுநகரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருவதுதான். நிவாரண ஆர்டருக்கு அங்கிருந்து தனியாக வரவழைத்துக்கொண்டு, கடைகளுக்குப் போகும் வழக்கமான சரக்கைத் தொடாமல் விட வேண்டும். உப்பு, உளுந்து, பயறு, புழுங்கல் அரிசி நம் மாவட்டத்துப் பொருள். அதைக்கூடப் புயல் படாத தாலுகாவில் எடுப்பதே முறை.

பணம் வருவது பற்றி

ஒரு நிறுவனம் எனக்கு 3,80,000 ரூபாயை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தது. ஏமாற்ற நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்திட வேண்டியவர் மாறிவிட்டார், பெற்றுக்கொண்ட சீட்டில் தேதி இல்லை, இப்படி ஒவ்வொன்றாக. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே என்று தேடினேன். 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்தபோதே, அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது நான் வைத்திருக்கும் நிபந்தனை: பாதி முன்பணம், சரக்கு சேர்ந்த ஏழு நாளில் மீதி, சொன்ன விலை மூன்று நாளுக்கு மட்டும். ஒவ்வொரு சரக்கிலும் அரை கிலோ மாதிரி எடுத்து இரண்டு பையில் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்கிறோம். இறக்கும் இடத்தில் எடை போட்டுச் சீட்டில் தேதி, நேரம், பெயர், கையொப்பம் வாங்குகிறோம். இதற்கு மறுத்தவர்கள் இதுவரை ஒருவர்தான்.

பொருளுக்குப் பதில் பணமோ கூப்பனோ கொடுக்கும் முறையும் பரவிவருகிறது. சுனாமிக்குப் பிறகு 2005-06ல் இலங்கையிலேயே உலக உணவுத் திட்டம் அரிசிக்குப் பதிலாகப் பணம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. கடை திறந்திருக்கிறது, சரக்கு இருக்கிறது என்றால் அதுதான் சில்லறை வியாபாரிக்கு உகந்தது. அரிசி வேண்டுபவர் அரிசி எடுப்பார், குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டுபவர் அதை எடுப்பார். இதில் நமக்கு ஒரு சோதனை உண்டு. கூப்பனோடு வருபவரிடம் பழைய பாக்கியைப் பிடித்துக்கொள்ளலாமா? கூடாது. கஜாவின் போது 8 கடைக்காரர்களிடமும் இதை முதலிலேயே பேசி ஒப்புக்கொள்ளச் செய்தோம். ஒருவர் மீறினார், அடுத்த முறை அவரைச் சேர்க்கவில்லை. மற்ற ஏழு பேரின் பழைய பாக்கியில் பெரும்பகுதி அடுத்த தைக்குள் தானாக வந்தது என்று அவர்களே சொன்னார்கள்.

இந்த ஆண்டு புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு தாலுகாவிலும் இத்தகைய ஆர்டரை ஏற்கக்கூடிய சில்லறைக் கடைகளின் பட்டியலைத் தயாரித்து, ஆட்சியர் அலுவலகத்திலும் நம் பகுதித் தொண்டு நிறுவனங்களிடமும் கொடுக்க உத்தேசம். கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், கிடங்கின் அளவு, ஜெனரேட்டரும் எடைத் தராசும் உண்டா, லாரி வாசல் வரை வருமா என்ற விவரங்களைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வேதாரண்யத்துக் கடைக்கார அம்மாவின் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன்.